விறாந்தையில் வைத்த கோப்பை

குசினியிலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு ஏற ஒன்பது படி. கருங்கல் படி. மழை பெய்தால் பாசி பிடித்து வழுக்கும். ஜீவராணிக்கு அப்போது ஏழு மாதம். இரண்டு கையாலும் தேத்தண்ணித் தட்டைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு படியாகக் கால் வைப்பாள். ஒரு நாள் ஆபீஸ் விறாந்தையில் போட்டிருந்த நீட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த இஞ்சினியர் ஐயா அவளைப் படியிலேயே ஒரு நிமிசம் நிற்கச் சொன்னார். நின்றாள். கண்ணால் எதையோ அளந்த மாதிரி இருந்தது. பிறகு சரி, போங்கோ என்றார். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை பார்த்தால், ஐந்தாவது படி திரும்புகிற இடத்தில், சுவரோடு ஒரு பலகை பொருத்தியிருந்தது. சரியாக அவள் இடுப்பு உயரம். தட்டை அதில் வைத்து, மூச்சு வாங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, பிறகு எடுத்துக்கொண்டு போகலாம். யார் வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. கிளாக்கர் ஐயா அதைப் பூச்சட்டி வைக்கிற பலகை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்து தொட்டிலில் போட்ட பிறகுதான் தச்சு வேலைக்காரர் மெதுவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், ஐயா பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தாராம். தானே பலகையை இழைத்து, தானே திருகாணி முடுக்கிவிட்டு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனாராம்.

இஞ்சினியர் ஐயாவின் பெயர் மதுசூதனன். தகப்பன் பெயர் இளையதம்பி. ஊர் யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிப் பக்கம். முதல் முதல் மடுல்சீமைப் பக்கத்து இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, நானும் தோட்டத்து ஆள்தான் என்று ஆட்களிடம் சொன்னாராம். ஆட்களுக்கு ஒரே ஆச்சரியம். எந்தத் தோட்டம், எந்த லயத்தில் வீடு என்று துருவித் துருவிக் கேட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் ஊரில் வெங்காயமும் மிளகாயும் போடுகிற நிலத்துக்குத்தான் தோட்டம் என்று பெயர். அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருசம் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரிப்பார். ஒரே தமிழ்தான், ஆனால் ஒரு சொல் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று ஆகிவிடுகிறது.

பேராதனையில் படித்து, இருபத்தெட்டு வயதில் வேலைக்கு வந்தவர். பதுளையில் வாடகை வீடு. மனைவி கமலாதேவி அங்கே பள்ளிக்கூடத்து டீச்சர். ஒரே பெண் லதுஷா. தோட்டங்கள் அரசாங்கத்தின் கையில் இருந்த காலத்தில், ஒரு சுவர் கட்டுவதென்றாலும் தோட்டத்தை நடத்துகிற துரை அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார். தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகு தோட்டங்களைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். இந்தத் தோட்டத்தை எடுத்த கம்பெனி ஆறு தோட்டத்து வேலையை அவர் தலையில் வைத்தது. தேயிலை ஆக்குகிற ஸ்டோரில் ஓடுகிற இயந்திரம், கரண்டு, தண்ணீர்க் குழாய், ரோட்டு, பாலம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் எதை வாங்குவது, எதைக் கட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிற இடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடவில்லை.

இது ஜீவராணிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஏனென்றால் கோப்பை எண்ணி வைப்பது அவள்.

மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருவார்கள். துரை, கிளாக்கர், மற்றத் தோட்டத்துத் துரைமார் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். ஏழு கோப்பை உள்ளே போகும். பூப்போட்ட நல்ல கோப்பை. இஞ்சினியர் ஐயாவின் கோப்பை வெளியே, விறாந்தை வாங்குக்கு. தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவரும் மடியில் பைலை வைத்துக்கொண்டு, தலையை வாரி, சட்டைக் கை பொத்தானைப் பூட்டி, கூப்பிடுவார்கள் என்று காலை ஒன்பதிலிருந்து இருப்பார். ஐந்து வருசத்தில் மூன்று தரம் கூப்பிட்டார்கள். இரண்டு தரம் மேலே சுற்றுகிற மின்விசிறி நின்றுபோனதற்கு. ஒரு தரம் ஜன்னல் கதவு இறுகிப்போனதற்கு.

லொறி டிரைவர் நல்லையாவும் அந்த வாங்கில்தான் உத்தரவுக்காகக் காத்திருப்பார். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"ஏங்கய்யா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வாங்கு. நான் லொறி ஓட்டுறேன். நீங்க என்னாத்த ஓட்டுறீங்க?"

"நான் ஈ ஓட்டுறன், நல்லையா."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். ஜீவராணி சிரிக்க மாட்டாள். அந்த மாதிரி நாளில் அவருடைய தேத்தண்ணியில் ஒரு கரண்டி பால் கூடப் போட்டுக் கொண்டுபோவாள். அவளால் செய்ய முடிந்தது அதுதான்.

தோட்டத்தில் மேல் பிரிவை மேற்கணக்கு என்பார்கள். அங்கே எடுக்கிற கொழுந்து எல்லாம் ஒரு ஓடையைத் தாண்டித்தான் ஸ்டோருக்கு வரவேண்டும். ஓடைக்கு மேலே வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலம். ஜீவராணியின் புருசன் மாடசாமிக்கு லொறியில் கொழுந்து மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. ஒரு நாளைக்கு நாலைந்து தரம் அந்தப் பாலத்தில் போய் வருகிறவன். வருசா வருசம் கதிர்காமத்துக்கு நடந்து போய் வருவான். முருகன் பார்த்துக்கொள்வான் என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கிற பேச்சு.

ஒரு நாள் இஞ்சினியர் ஐயா ஓடைக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, பாலத்தின் இரும்புக் காலைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். மாடசாமியும் கூட இறங்கினான். சத்தம் வித்தியாசமாக இருக்கிறதா என்று ஐயா கேட்டாராம். நல்ல இடத்தில் கோயில் மணி மாதிரி கேட்டது, அடியில் தட்டினால் தகரப் பேணி மாதிரி கேட்டது என்று மாடசாமி வீட்டில் வந்து சொன்னான். துரு உள்ளே தின்றுவிட்டது. அன்றைக்கே ஐயா ஒரு ஒழுங்கு வைத்தார். சின்ன லொறி மட்டும்தான் போகலாம். அதுவும் பாதிப் பாரத்தோடு, இரண்டு நடையாக. லொறியில் இருக்கிற ஆள் இறங்கி நடந்துதான் பாலத்தைக் கடக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் அவரே பலகை எழுதினார். பெயின்ட் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றது மாடசாமி.

கம்பெனிக்கும் கடிதம் எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று. இரும்புக் காலை மாற்றினால் போதும், பாலம் இன்னும் ஐம்பது வருசம் நிற்கும் என்று எழுதினார். பதில் வரவில்லை.

மாடசாமி அந்த ஒழுங்கைச் சாமி கட்டளை மாதிரி வைத்திருந்தான். கொட்டுகிற மழையிலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாலத்துக்கு முன்னால் குதித்து இறங்குவான். லொறிக்கு முன்னால் நடந்துபோய் மறுபக்கம் நின்று கையைக் காட்டுவான். மாடசாமி பாலத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வைக்கிறான் என்று நல்லையா கேலி பண்ணுவார்.

தொண்ணூற்றேழாம் வருசம் ஐப்பசி மாதக் கூட்டம். அன்றைக்கு ஐயா வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டார். கம்பெனி பெரிய லொறி வாங்கப் போகிறது என்று ஒரு கதை அவர் காதில் விழுந்திருந்தது. பெரிய லொறி வந்தால் ஒரே நடையில் கொழுந்து முழுவதும் வந்துவிடும், நேரம் மிச்சம் என்பது கம்பெனியின் எண்ணம். அது கீழ் ரோட்டில் மட்டும் ஓடுமா, பாலத்துக்கும் வருமா என்று அவருக்குத் தெரியவேண்டும். ஆனால் அன்று மத்தியானமே அவர் ரயில் ஏற வேண்டியும் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தாயாரைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கண் வைத்தியத்துக்குக் கொழும்புக்குக் கூட்டி வருகிறார்கள். ஏழு வருசமாகத் தாயின் முகத்தைப் பார்க்காத மனிதர். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தார்.

கூட்டம் நீண்டது. அவரைக் கூப்பிடவில்லை. ஜீவராணி இரண்டாம் தரம் தேத்தண்ணி கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கிழமை பங்களாவில் ஒரே பேச்சு பிரிட்ஜ்தான். துரைசாணி அம்மாவின் பிரிட்ஜ் பழுதாகி, பால் திரைந்து, மீன் நாறி, அங்கேயும் குசினி வேலைக்குப் போய்வந்த ஜீவராணிதான் வசவு வாங்கிக்கொண்டிருந்தாள். புதுசு வாங்க வேண்டும் என்று துரைசாணி துரையை நச்சரித்துக்கொண்டிருந்தார். இவள் தட்டோடு உள்ளே போனபோது கொழும்புப் பெரியவர் இங்கிலீசில் ஏதோ கேட்டார். அதில் பிரிட்ஜ் என்று வந்தது. துரை பதில் சொன்னார். அதிலும் பிரிட்ஜ். பிறகு லொறி என்றார்கள். வெயிட் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார்கள். கடைசியில் பெரியவர், பிரிட்ஜ் ஓகே என்று கையை வீசினார். கிளாக்கர் எழுதிக்கொண்டார். ஜீவராணிக்கு உள்ளுக்குள் சந்தோசம். அப்பாடா, புது பிரிட்ஜ் வரப்போகிறது, இனிப் பால் திரையாது என்று நினைத்துக்கொண்டு கோப்பைகளை வைத்தாள். வெயிட் என்ற சொல்லும் அவளுக்குத் தெரிந்ததுதான். அவள் ஏதாவது கேட்கப் போனால் துரை கையைக் காட்டி வெயிட் என்றுதான் சொல்லுவார். பொறு என்று அர்த்தம்.

கூட்டம் முடிந்தது. துரைமாரும் கிளாக்கரும் வாங்குப் பக்கம் திரும்பாமலே வாகனம் ஏறிப் பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். பதுளைக்குப் போகிற பஸ் இன்னும் கால் மணி நேரத்தில். கோப்பை எடுக்க வந்த ஜீவராணியிடம் கேட்டார்.

"தங்கச்சி, உள்ளுக்கை பாலத்தைப் பற்றி ஏதும் கதைச்சவையோ?"

இங்கிலீசு படித்த மனிதர் முன்னால் இங்கிலீசுச் சொல்லைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். பிழையாகச் சொல்லிவிட்டால் என்ன நினைப்பார் என்று, கேட்டதையெல்லாம் நல்ல தமிழாக்கிச் சொன்னாள்.

"இல்லீங்கய்யா. பாலத்த பத்தி ஒரு பேச்சும் இல்ல. தொரைசாணியம்மாவுக்கு ஐஸ்பெட்டி வாங்குற கததான். லொறில வருமாம், கொஞ்சம் பொறுக்கணுமாம்."

அவர் முகம் அப்படியே தெளிந்தது. மூன்று மணி நேரம் வெளியே உட்கார வைத்து ஐஸ்பெட்டியையா பேசினார்கள் என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே பைலைக் கட்டினார். படியிறங்கும்போது, அம்மாவைப் பார்க்கப் போறன் தங்கச்சி என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். ஜீவராணி கையெடுத்துக் கும்பிட்டு, அம்மாவுக்குக் கண் நல்லபடி தெரிய ஆண்டவன் துணையிருப்பான் என்றாள்.

எட்டாம் நாள் பெரிய லொறி வந்தது. சிவப்பு நிறம். ஆட்கள் எல்லாம் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். அதை மேற்கணக்குக்குக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு. நல்லையா பாலத்துப் பலகையைச் சொல்லித் தயங்கினார். அது கூட்டத்தில் பேசி முடிவான விசயம், உனக்கென்ன என்று கிளாக்கர் சொல்லிவிட்டார்.

மாடசாமி வீட்டில் வந்து இதைச் சொன்னான். ஜீவராணிக்கு விளங்கவில்லை. அன்றைக்குப் பாலத்தைப் பற்றிப் பேசவே இல்லையே என்றாள்.

"ஒனக்கு என்னா இங்கிலீசா தெரியும்? கூட்டத்துல முடிவாச்சுன்னா, நம்ம இஞ்சினியரய்யாவக் கேக்காமயா முடிவு பண்ணிருப்பாங்க? அவரு பாத்துச் சரின்னு சொல்லிருப்பாரு."

ஐயாவின் கோப்பை வெளியேதான் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பெரிய மனிதர்கள் பிறகு போனில் பேசியிருக்கலாம், கடிதத்தில் கேட்டிருக்கலாம் என்று தன் மனசைத் தானே சமாதானம் பண்ணிக்கொண்டாள். ஐயாவிடம் கேட்கலாமென்றால், அவர் கொழும்பில் எந்த ஆஸ்பத்திரியில், யார் வீட்டில் என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

லொறி வந்த மூன்றாம் நாள் சாயந்தரம், நாலு மணி இருக்கும். காலையிலிருந்து மழை. முழுப் பாரம் கொழுந்து. அன்றைக்கு மாடசாமி இறங்கி நடக்கவில்லை. ஐயா சரி என்று சொன்ன பாலம்தானே என்ற நம்பிக்கையில், படுதாவைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். பாலத்தின் நடுவில் பின் சக்கரம் வந்தபோது அடிக்கால் மடங்கியது. லொறி மெதுவாக, படுக்கப் போகிற மாடு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடையில் விழுந்தது என்று நல்லையா பிறகு சொன்னார். அவருக்கு ஒரு கால் முறிந்தது. மாடசாமி லொறிக்கு அடியில் போய்விட்டான்.

கீழே பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு முதலில் வந்த சேதி கொழுந்துதான். ஓடை முழுவதும் பச்சைக் கொழுந்து மிதந்து வந்தது. எதற்கென்று தெரியாமல் அதை அள்ளினார்கள். பிறகுதான் மேலேயிருந்து கூக்குரல் கேட்டது. ஜீவராணி ஓடிப்போனபோது அவனைக் கரையில் கிடத்தி, ஒரு கொழுந்துச் சாக்கால் மூடியிருந்தார்கள். முருகா என்றுகூட அவளுக்கு வாய் வரவில்லை.

தாயின் கண் வைத்தியம் நீண்டு லீவும் பிந்தி, காரியத்துக்கு முந்தின நாள்தான் இஞ்சினியர் ஐயா வந்தார். பதுளையில் ரயிலைவிட்டு இறங்கினவர், வீட்டுக்கும் போகாமல், பெட்டியோடு நேரே ஆபீசுக்குப் போய்க் கூட்டத்துக் குறிப்பை வாங்கிப் பார்த்திருக்கிறார். பிறகு ஜீவராணியின் வீடு இருக்கிற லயத்துக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்தார். கடைசிப் பிள்ளை தவழ்ந்து போய் அவர் மடியில் ஏறியது. அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜீவராணியின் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். போகும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியதைப் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாக்காவும் பார்த்தார்.

விசாரணை வைத்தார்கள். அதே அறை. மூன்று பேர் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். இங்கிலீசில் கேட்டதைக் கிளாக்கர் தமிழாக்கினார். செத்தவனின் பெண்சாதி என்று ஜீவராணியையும் கூப்பிட்டு, சுவரோரம் நிறுத்தினார்கள். இஞ்சினியர் ஐயாவுக்கு அன்றைக்குத்தான் அந்த அறையில் ஒரு நாற்காலி கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் நாற்காலி. கூட்டத்தில் யாரும் எதிர்ப்புச் சொன்னதாகக் குறிப்பில் இல்லையே, பாலத்துக்குப் பொறுப்பான இஞ்சினியர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அவர்கள் கேள்வி. கேட்டவர் பிரிட்ஜ், பிரிட்ஜ் என்று சொல்லிச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே ஓடைப் பக்கம் கையை நீட்டினார்.

ஜீவராணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற கிளாக்கரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பிரிட்ஜுன்னா என்னாங்க?"

"பாலம்மா. பாலம்."

"ஐஸ்பெட்டி இல்லீங்களா?"

"அதுவும் பிரிட்ஜ்தான். பேசாம இரு."

அன்றைக்கு இதே அறையில், இதே சொல். பிரிட்ஜ் ஓகே. வெயிட், வெயிட். எல்லாவற்றையும் தன் வாயால் ஐஸ்பெட்டி ஆக்கி, வெளியே இருந்த மனிதருக்குக் கொடுத்து, சிரிக்க வைத்து, ரயில் ஏற்றி அனுப்பியவள் அவள்தான். ஐயா தன் கடிதங்களின் பிரதியை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கடிதம் கிடைத்தது, ஆனால் கூட்டத்தில் பேசப்படவில்லை, பேசியிருக்க வேண்டியது உங்கள் கடமை என்றார்கள். தன்னைக் கூட்டத்துக்குள் விடவில்லை என்று அவர் சொன்னபோது, துரை, அவர் ஆபீசில்தான் இருந்தார் என்று சொல்லிவிட்டார். அது பொய்யும் இல்லை.

அப்போதுதான் ஜீவராணி வாயைத் திறந்தாள். கேட்காமல் பெரியவர்கள் நடுவில் பேசியது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தரம்.

"அவரு உள்ள இல்லீங்க. உள்ளுக்கு ஏழு கோப்பதான் வச்சேன். அவருக்கு வெளிய வாங்குலதான் குடுத்தேன். எப்பயுமே வெளியதான் குடுப்பேன்."

என்ன சொல்கிறாள் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். தேத்தண்ணியைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று கிளாக்கர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்கள்.

வெளியே கோப்பை வைத்ததைச் சொன்னவளுக்கு, ஐஸ்பெட்டி என்று சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று பிள்ளைகளின் முகம் வந்து நின்றது. ஊர் என்ன சொல்லும், புருசனைத் தானே கொன்றவள் என்று சொல்லுமே என்ற பயம் வந்தது. அதைவிட, ஐயாவுக்கு அது தெரிந்தால் தன் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்ற பயம் பெரிசாக இருந்தது.

ஐயாவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். இருபது வருசத்துக்குமேல் உழைத்த மனிதர், பதுளைக் கடைத்தெருவில் புஹாரி நானாவின் கடையில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வேலைக்குப் போனார். இடையில் வேறொரு கம்பெனி அவரைத் தேடி வந்ததாம். முடிவு எடுக்கிற இடத்தில் நானும் இருப்பேனா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். தேவைப்படும்போது கூப்பிடுவோம் என்றார்களாம். எழுந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி கம்பி சுற்ற உட்கார்ந்துவிட்டார் என்று புஹாரி நானா சொல்லி வருத்தப்படுவார்.

ஜீவராணி ஐந்து வருசம் அந்தத் தெருவைத் தவிர்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சுற்றித்தான் போவாள். கோயிலில் நின்றாலும் கும்பிட வாய் வராது. சாமியிடம் சொன்னாள். சாமிக்குச் சொல்லியும் பாரம் இறங்கவில்லை. மாடசாமியின் திவசத்துக்கு ஐயாவிடமிருந்து வருசா வருசம் ஒரு பார்சல் கற்பூரமும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற கொப்பிகளும் யாராவது ஆள் மூலம் வரும். அது வருகிற அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று, யாழ்ப்பாணத்துப் பாதை திறந்தது. கமலாதேவி டீச்சர் மாற்றம் எடுத்துக்கொண்டு மகளோடு முன்னால் போய்விட்டார். ஐயா சாமான்களை ஒதுக்கிவிட்டுப் பின்னால் போகிறார் என்று நல்லையா நொண்டிக்கொண்டே வந்து லயத்தில் சொன்னார். அந்த இரவு ஜீவராணி தூங்கவில்லை. விடிய முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனாள்.

அவர் போய் இரண்டு வருசத்தில், அச்சுவேலியில், நெஞ்சுவலி வந்து காலமானார். புஹாரி நானாவுக்கு டீச்சர் எழுதிய கடிதத்தில் அந்தச் சேதி வந்தது. ஆகவே பஸ் ஸ்டாண்டில் அன்றைக்குப் பார்த்ததுதான் கடைசி.

கண்டி பஸ்ஸுக்குப் பக்கத்தில், ஒரு தோல் பெட்டியும் ஒரு சாக்குமாக நின்றுகொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்து, விரல் நுனியெல்லாம் கம்பி கீறிய கறுப்பு. இவளைக் கண்டதும், வாங்கோ தங்கச்சி என்றார், ஐந்து வருசம் இடையில் போகாத மாதிரி. பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்தார். அவள் அத்தனை சனத்துக்கு நடுவில் அவர் காலடியில் உட்கார்ந்து, சொல்லிவிட்டாள். ஐஸ்பெட்டி இல்லீங்கய்யா, அது பாலம், நான்தான் ஐயா மாத்திச் சொன்னேன், எங்க வீட்டுக்காரரையும் கொன்னு உங்க வேலையையும் தின்னவ நான்தான் என்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சொன்னாள்.

அவர் குனிந்து அவள் கையைப் பிடித்து எழுப்பினார். தனக்குத் தெரியும் என்றார். கொழும்பிலிருந்து வந்த அன்றைக்கே, ஆபீசில் குறிப்பைப் பார்த்த உடனேயே தெரியும் என்றார். லயத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்திருந்தபோது, இது இந்தப் பிள்ளைக்கு ஒரு நாளும் தெரியவரக் கூடாது கடவுளே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாராம். இந்த ஐந்து வருசமும் தன்னைக் கண்டால் அவளுக்கு ஏதாவது நினைவு வந்துவிடுமோ என்று, தோட்டத்துப் பக்கமே வராமல் இருந்தாராம்.

ஜீவராணி அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரியக் கூடாது என்று அவரும், அவருக்குத் தெரியக் கூடாது என்று அவளும், ஒருவருக்கொருவர் ஒளித்து ஒளித்து ஐந்து வருசம் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள்.

கண்டக்டர் கூப்பிட்டான். அவர் பெட்டியைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தங்கச்சி, பாலம் நிக்குமோ நிக்காதோ எண்டு என்னட்டக் கேக்க வேண்டிய ஆக்கள் கேக்கேல்லை. அதால நான் உங்களிட்டக் கேக்க வேண்டி வந்தது. நீங்கள் கேட்டதைத்தான் சொன்னனீங்கள். மாடசாமி என்னை நம்பி மூட்டைமேல இருந்தவன், அந்த நினைப்பு என்னோட வரட்டும், நீங்கள் அதைச் சுமக்காதேங்கோ. பிள்ளையளைப் பாருங்கோ. நான் போட்டு வாறன்."